நான்காவது சொட்டு

எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு நிறைவு நாளில், சாயங்காலம் ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு, என் மனைவி மரியபுஷ்பம் நான் கண்ணாடிக் கோப்பையில் கலந்து கொடுத்த மதுவில் முக்கால்வாசியைக் குடித்துவிட்டு, மீதியை முக்காலிமேல் சிந்தாமல் வைத்துவிட்டு, கூடத்தின் உத்தரம்வரை எழும்பிப் போனாள். அவசரமில்லாமல்தான் போனாள். கண்ணாடியின் அடியில் கிடந்த சர்க்கரைக் கட்டியிலிருந்து குமிழிகள் எப்படி ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் ஏறினவோ அதே வேகத்தில் ஏறி, ஓட்டுக்கு ஒரு சாண் கீழே சட்டத்தில் தலை தட்டியதும் நின்றுகொண்டாள். அவள் பாதங்கள் என் தலைக்கு இரண்டு முழம் மேலே இருந்தன.

கூடத்தில் அப்போது ஆறு பேர் இருந்தோம். நான், புஷ்பம், பங்குச் சாமியார், புஷ்பத்தின் பெரியப்பா மகன் இன்னாசி, அவன் மனைவி, பக்கத்து வீட்டு அமலோற்பவம். யாரும் அலறவில்லை. சாமியார் தன் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். இன்னாசி எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினான். அமலோற்பவம்தான் முதலில் வாய் திறந்தாள்.

“அக்கா, சேலையக் கணுக்காலோட சேத்துப் பிடிச்சுக்க,” என்றாள்.

புஷ்பம் பிடித்துக்கொண்டாள். பிறகு மேலேயிருந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அலமாரிக்கு மேல் இத்தனை தூசி இருக்கிறதே என்றாள்.

எங்கள் ஊர் அருளப்பன்பட்டி, கம்பம் பள்ளத்தாக்கில் மேகமலையின் அடிவாரத்தில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் இருக்கிறது. எனக்குக் கோலி சோடாத் தொழில். இருபத்துநாலு வயதில், எஸ்டேட் பங்களா ஒன்றுக்கு வாரம் நான்கு பெட்டி சோடா கொண்டுபோவேன். ஒரு நாள் அங்கே மேனேஜர் துரைக்குக் கல்யாண நாள். பட்லர் சமையலறை மேசைமேல் கலந்ததை நான் வாசல்படியில் நின்று பார்த்தேன். உயரமான, தண்டு வைத்த கண்ணாடி. அதில் ஒரு கட்டிச் சர்க்கரை. கட்டியின்மேல் கசப்புத் தைலம் மூன்று சொட்டு. கட்டி நனைந்து உட்காரும் அளவுக்குப் பிராந்தி. பிறகு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, நுரைக்கிற ஒயின். கடைசியில் எலுமிச்சைத் தோல் ஒரு துண்டு. சர்க்கரைக் கட்டியிலிருந்து குமிழிகள் சரம் கோத்தது போல ஏறின. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு பட்லர் சொன்னார்: மூணு சொட்டுதான் தம்பி, ரெண்டாச்சுன்னா சர்பத்து, நாலாச்சுன்னா மருந்து. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாடம். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்தப் பாடம் மட்டும் அழியாமல் நின்றது.

கல்யாணமான முதல் வாரத்தில் அதைப் புஷ்பத்திடம் சொன்னேன். எனக்குப் பேச வராது. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், நம் வெள்ளி விழாவுக்கு அதை என் கையால் கலந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இருபத்தைந்து வருஷம் தாகத்தோடு இருக்கணுமா என்று கேட்டுச் சிரித்தாள்.

அந்த நுரைக்கும் ஒயினுக்கு நான் எங்கே போவது. வெள்ளி விழா நெருங்கியதும் இன்னாசியின் பந்தலில் இருபத்திரண்டு கிலோ பன்னீர்த் திராட்சை வாங்கி, காம்பு கிள்ளி, பிசைந்து, மூன்று பீங்கான் ஜாடிகளில் நாற்பத்தொரு நாள் வைத்தேன். வடிகட்டிக் கோலி சோடா பாட்டில்களில் ஊற்றி, பாட்டிலுக்கு அரைக் கரண்டி சர்க்கரை போட்டுத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கவிழ்த்தால் கோலி கழுத்துக்கு இறங்கும். உள்ளே மறுபடி புளித்துக் கிளம்பும் காற்று அதை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பூட்டிவிடும். இது சோடாக்காரனுக்கு மட்டுமே தோன்றுகிற வழி. முப்பத்தாறு பாட்டிலை ஈர மணலில் அறுபது நாள் புதைத்து வைத்தேன். ஐந்து வெடித்தன, முப்பத்தொன்று நின்றன. கசப்புத் தைலத்துக்கு நார்த்தங்காய்த் தோல், நிலவேம்பு, ஏழு கிராம்பு, நான்கு ஏலக்காய், எல்லாம் பிராந்தியில் இருபத்தொரு நாள் ஊறின. சொட்டு விடுவதற்குக் கண்மருந்துக் குழாய். பிராந்திக்கு இருமல் மருந்தின் மூடி. கண்ணாடிக்கு ஒரு மூடி. கண்ணாடி ஆறும் மதுரையில் வாங்கி வைக்கோலில் சுற்றிக் கொண்டுவந்தவை.

ஐந்து கண்ணாடி சரியாக வந்தன. ஆறாவது புஷ்பத்துடையது. அதற்குச் சொட்டு விடும்போது அவள் பட்டுச் சேலையோடு சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று, இன்னும் எத்தனை நேரம், ஊரே காத்திருக்கு என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். திரும்பக் குனிந்தபோது விரல்கள் குழாயை அழுத்தியபடி இருந்தன. மூன்று விழுந்ததா நான்கு விழுந்ததா என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் எண்ணிக்கை தவறியது அந்த ஒரு முறைதான். கொட்டிவிட்டு மறுபடி கலந்திருக்கலாம். ஊர் காத்திருந்தது. அப்படியே எடுத்துப்போய்க் கொடுத்தேன்.

முதல் வாரம் முழுக்க ஊர் எங்கள் கூடத்தில்தான் இருந்தது. முதலில் அவள் இடுப்பில் கயிறு கட்டி உரலில் முடிந்தோம். காற்றடித்தால் போய்விடுவாளோ என்று பயம். இரண்டு நாளில் உரலுக்கு வேலையில்லை என்று தெரிந்தது, அவிழ்த்துவிட்டோம். மின்விசிறியை நிரந்தரமாகக் கழற்றினோம். பங்குப் பேரவை கூடி, வீட்டுக்குள்ளேயே இருந்தும் தரையில் இல்லாதவளை எந்தக் கணக்கில் வைப்பது என்று இரண்டரை மணி நேரம் பேசி, நடமாட முடியாத நோயாளிகளின் பட்டியலில் சேர்த்து, வெள்ளிதோறும் வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுப்பதென்று முடிவெடுத்தது. சாமியார் அதற்காக ஏணியில் நான்கு படி ஏறுவார். அங்கியில் கால் இடறாமல் இருக்க நான் பின்னால் பிடித்துக்கொள்வேன். எடை பார்க்க வந்த சுகாதார நர்ஸ் எந்திரத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கு வீடு பூட்டியிருந்தது என்று எழுதிக்கொண்டு போனாள். விசாரிக்க வந்த மற்றவர்களும் அப்படித்தான் படிவத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டார்கள், அதோடு அந்த விஷயம் முடிந்தது.

பக்கத்து ஊர்களிலிருந்து வந்தார்கள். சிலர் மெழுகுவத்தி கொண்டுவந்தார்கள். சூடு மேலே போகும் என்று புஷ்பம் வேண்டாமென்றாள். பெண்கள் மத்தியான வேளையில் வந்து அவளுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுச் சண்டைகளைச் சொன்னார்கள். மேலே இருப்பவள் இரண்டு பக்கத்தையும் பார்ப்பாள் என்று அவர்கள் நினைத்தார்கள். அவள் பார்த்ததெல்லாம் உச்சந்தலைகளை. யாருக்கு முடி கொட்டுகிறது, யார் சாயம் பூசுகிறார்கள் என்பது முழுவதும் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். இன்னாசியின் மண்டையில் ஒரு ரூபாய் அளவு விழுந்த வழுக்கை ஐப்பசியில் ஐந்து ரூபாய் அளவுக்கு வந்துவிட்டதாக எல்லார் முன்னாலும் சொன்னாள். அமலோற்பவம் தன் வீட்டுக்காரருக்கும் ஒரு கண்ணாடி கலந்து தரும்படி என்னைக் கேட்டாள். “ஆனா அவரு போனா எறக்குறதுக்கு யாரும் மெனக்கெட வேணாம்ணே,” என்றாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் நான் மெனக்கெட்டேன். என் கையால் ஏறியவள் என் கையால்தான் இறங்க வேண்டும். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் ஒரு கண்ணாடி கலந்தேன். பாட்டில்கள் தீருவதற்குள் மறுபடி திராட்சை வாங்கிப் போட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்தேன். முதல் ஞாயிறு சொட்டே இல்லை. இரண்டாவது ஞாயிறு ஒரு சொட்டு. பிறகு இரண்டு, ஐந்து, ஏழு. அரைக் கட்டிச் சர்க்கரை. பிராந்தி இல்லாமல். எலுமிச்சைக்குப் பதில் நார்த்தை. நுரை அடங்கட்டும் என்று ஒரு இரவு திறந்து வைத்த ஒயின். இறங்கும் குணமுள்ளது என்று இன்னாசி சொன்னதால் ஒரு முறை வெந்தயம். மூங்கில் கழியின் நுனியில், பழைய சோடாப் பெட்டியிலிருந்து ஒரு குழியை வெட்டிப் பொருத்தியிருந்தேன். கண்ணாடி அதில் அசையாமல் உட்காரும். சிந்தாமல் மேலே நீட்டுவேன். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும். அவள் கடைசிச் சொட்டுவரை குடிப்பாள். வெந்தயம் போட்டதைக்கூடக் குடித்தாள். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு, இல்லைங்க, ஒண்ணும் ஆகல என்பாள். ஊர் உச்சுக்கொட்டும். பாவம் என்று யாராவது சொல்வார்கள். வந்ததற்கு நான் எல்லாருக்கும் நன்றி சொல்வேன்.

இரவில் அவளுக்கு நேர் கீழே பாய் போட்டுப் படுத்தேன். விழுந்தால் என்மேல் விழட்டும் என்று.

காலையில் ஒன்றரை மணி நேரம், மத்தியானம் மூன்று மணி நேரம் அமலோற்பவம் வருவாள். குளிப்பு, துணி மாற்றுவது, மற்றக் காரியங்கள். பொம்பள சமாச்சாரம், நீங்க கொஞ்சம் வெளிய இருங்கண்ணே என்பாள். எனக்குக் காது சூடாகிவிடும். அது எப்படி நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சோடாக் கொட்டகைக்குப் போய்விடுவேன். திரும்பும்போது தெரு முனையிலேயே இருமிக்கொண்டு வருவேன்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்வேன். எண்ண மறந்ததும், மறந்தது தெரிந்தே கண்ணாடியைக் கொடுத்ததும் என் பாவம் என்று சொல்வேன். சாமியார் கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு வருவேன்.

கீழே இருக்கிறவனுக்கு மேலே இருக்கிறவளின் முகம் சரியாகத் தெரியாது. தெரிவது பாதம்தான். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் நான் புஷ்பத்தின் உள்ளங்காலைப் பார்த்ததில்லை. இப்போது எழுந்தவுடன் அதைத்தான் பார்த்தேன். வலது காலில் பதினொன்று, இடது காலில் ஒன்பது பித்தவெடிப்பு. தரையில் படாத காலாகிவிட்டதால் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. ஆடியில் வலது காலில் ஆறு, ஆவணியில் இரண்டு. கார்த்திகைக்கு முன்னால் இரண்டு காலும் பச்சைக் குழந்தையின் கால் போல ஆகிவிட்டன. அவளுக்கு இதில் ஒரு சுகமாவது கிடைத்ததே என்று நினைத்தேன்.

அடுத்த தை மாதம் வலது குதிகாலில் ஒரு வெடிப்பு வந்தது. பனிக்காலம் என்று நினைத்தேன். சித்திரைக்குள் மூன்று. தேங்காயெண்ணெய் சூடாக்கி ஏணியில் ஏறித் தடவிவிட்டேன். கூச்சம் என்று காலை இழுத்துக்கொண்டாள். இரண்டாம் வருஷத்துக் கார்த்திகையில், எழுபத்தொன்பதாவது கண்ணாடிக்கு மறுநாள் காலையில், எண்ணினேன். வலது காலில் பதினொன்று. இடது காலில் ஒன்பது. விரல் இடுக்குகளில் கருநீலமாக ஒரு கறை இருந்தது.

அது என்ன கறை என்று கம்பம் பள்ளத்தாக்கில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பந்தலுக்குக் கீழே உதிர்ந்து கிடக்கும் பன்னீர்ப் பழத்தை வெறுங்காலால் மிதித்து நடந்தால் அப்படிப் படியும். மூன்று நாளுக்குப் போகாது.

புதன்கிழமை, கம்பத்துக்கு காஸ் சிலிண்டர் மாற்றப் போகிறேன், வர நாலு மணியாகும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். வாய்க்கால் பாலம்வரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். நான் செய்யப்போவது எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு வாய்க்கால் கரையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இன்னாசியின் தோட்டத்துக்குப் பின்பக்கமாக வந்தேன்.

பந்தலுக்குக் கீழே அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் கத்தரிக்கோலால் குலை நறுக்கிக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் மனைவி நின்றாள். இரண்டு காலையும் மண்ணில் நன்றாக ஊன்றி, சேலையை முழங்காலுக்குச் செருகி, என் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு, கையை உயர்த்திக் குலை நறுக்கினாள். ஏதோ சொன்னாள், பக்கத்திலிருந்த அமலோற்பவம் கூடையை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னாசி ஒரு குலையைக் கழுவி சாமியாரிடம் கொடுத்தான். சாமியார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாகச் சாப்பிட்டுக்கொண்டே புஷ்பத்திடம் ஏதோ கேட்டார். அவள் கத்தரிக்கோலை ஆட்டிப் பதில் சொன்னாள். முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று. கன்னம் வெயிலில் கறுத்திருந்தது. ஓட்டுக்குக் கீழே இருப்பவளுக்கு வெயில் எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நாளாவது யோசித்திருக்கலாம்.

அவளைத் தவிர எத்தனை பேர் என்று எண்ணினேன். பதினேழு பேர். மூன்று நாளுக்கு முன்னால் இந்தப் பதினேழு பேரும் என் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டியவர்கள்.

நான் உள்ளே போகவில்லை. வந்த வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், கம்பத்தில் சிலிண்டரை மாற்றி, நாலு மணிக்கு, தெரு முனையில் இருமிவிட்டு, வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் உத்தரத்தில் இருந்தாள்.

“வெயில் ஜாஸ்தியாங்க?” என்று கேட்டாள்.

கொஞ்சம் ஜாஸ்திதான் என்றேன். சிலிண்டரை இறக்கினேன். அந்தக் குரலில் ஒரு சின்னப் பிசிறுகூட இல்லை. அன்று இரவு வழக்கமான இடத்தில் பாய் போட்டுப் படுத்து, அந்தக் கேள்வியை எத்தனை முறை எத்தனை நாளில் இதே குரலில் கேட்டிருக்கிறாள் என்று யோசித்தேன். முதல்முறையாக என்னால் ஒன்றை எண்ணி முடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமி, பதினெட்டு மாசமா என் பொண்டாட்டி தரையில கால் வைக்க முடியாம இருக்கா, அது என் கை செஞ்ச பாவம் என்று, வழக்கமாகச் சொல்வதைவிட விளக்கமாகச் சொன்னேன். வலைக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சுவிடுவது கேட்டது. நான் காத்திருந்தேன். அவருக்கு நான் கொடுத்தது நிறைய நேரம். சுவர்க் கடிகாரத்தில் அறுபதுக்கு மேல் எண்ணினேன்.

“பத்து அருள்நிறை மந்திரம் சொல்லுப்பா,” என்றார். “மனச வருத்திக்காத.”

பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு ஒன்பது சொன்னேன். பத்தாவதைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லாரும் வந்தார்கள். பதினேழு பேரும் வந்தார்கள். எண்பதாவது கண்ணாடியை நான் சமையலறையில் கலக்காமல், கூடத்து முக்காலிமேல் வைத்து அவர்கள் பார்க்கவே கலந்தேன். கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்தேன். ஒரு கட்டிச் சர்க்கரை போட்டேன். கண்மருந்துக் குழாயை எடுத்து வாய்விட்டு எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. கட்டி பழுப்பாகி ஓரம் கரைந்தது. பிராந்தி ஒரு மூடி. பாட்டிலைத் தலைகீழாகவே பிடித்துக் கோலியைத் தட்டி, கழுத்தில் தங்கிய வண்டலை வாளிக்குள் பீச்சவிட்டு, நிமிர்த்தி, கண்ணாடியைச் சாய்த்து, நுரை பொங்காமல் ஊற்றினேன். எலுமிச்சைத் தோலில் வெள்ளை இல்லாமல் ஒரு விரல் நீளம் சீவி, கண்ணாடிக்குமேல் முறுக்கி எண்ணெயைத் தெளித்து உள்ளே போட்டேன். சர்க்கரைக் கட்டியிலிருந்து குமிழிகள் கிளம்பின. எஸ்டேட் பங்களாவில் பார்த்தது போலவே வந்திருந்தது. எண்பது கண்ணாடியில் அதுதான் குறையில்லாதது.

கழியை நீட்டினேன். அவள் குடித்தாள்.

“இல்லைங்க,” என்றாள். “ஒண்ணும் ஆகல.”

பாவம் என்றது ஒரு குரல். நான் யாருக்கும் நன்றி சொல்லாமல் வெளியே போய், தெருப்பக்கம் ஏணியைச் சாத்தி, கூரைமேல் ஏறினேன். அவள் தலைக்கு நேராக இருக்கும் இடம் எனக்குத் தெரியும். முகட்டிலிருந்து ஆறாவது வரிசை. முதல் ஓட்டைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தேன். இரண்டாவது. மூன்றாவது. தூசியும் வெளிச்சமும் அவள்மேல் விழுந்தன. கீழே சத்தம் அடங்கிப்போயிற்று. இன்னாசி வெளியே ஓடிவந்து, மச்சான், என்ன காரியம் செய்றீங்க என்று கேட்டான். நான் முப்பத்தாறு ஓடு எடுத்துவிட்டு, இரண்டு குறுக்குச் சட்டத்தையும் ஆணி பெயர்த்து விலக்கினேன். ஒரு ஆள் கையை விரித்துக்கொண்டு போகிற அளவுக்கு வானம் திறந்தது. அவள் முகம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. முடியில் ஓட்டுத் தூசி.

“புஷ்பம், மேல போறதுன்னா போயிரு,” என்றேன். “இனிமே ஓடு தடுக்காது.”

அவள் வானத்தைப் பார்த்தாள். ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல,” என்றேன். “அதான்.”

கீழே பதினேழு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. நாற்பதாவது நாளிலேயே, நான் கொட்டகைக்குப் போயிருந்தபோது, தானாக, ஒரு துணி கொடியிலிருந்து நழுவுவது போல இறங்கிவிட்டதாகச் சொன்னாள். நினைத்தால் ஏறலாம், நினைத்தால் இறங்கலாம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது, ஆனாலும் மார்கழிவரை வீட்டுக்குள் கொஞ்ச நேரம் மட்டும்தான் இறங்கினாளாம். அந்த முதல் நாள் சாயங்காலம் நான் வந்ததும் மேலேயிருந்து இறங்கிக் காட்டி என்னைத் திகைக்கவைக்க வேண்டும் என்றுதான் இருந்தாளாம். அதற்குள் பசித்தது, முதல் நாள் இரவு மிஞ்சிய தோசையில் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு மேலே போய்க் காத்திருந்தாள்.

“நீங்க வந்தீங்க. அண்ணாந்துகூடப் பாக்கல. நேரா தோசைச் சட்டியத் தொறந்தீங்க. ராத்திரி ஏழு இருந்துச்சே, இப்ப ஆறுதான இருக்குன்னீங்க.”

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. பூனை என்று மேலேயிருந்து அவள் சொன்னாள். நான் நம்பி, சட்டிக்குமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன்.

“தீக்குச்சி எத்தனைன்னு எண்ணுவீங்க. பூட்டுன கதவ மூணு தடவ இழுத்துப் பாத்து எண்ணுவீங்க. நான் எத்தன தடவ இருமினேன்னு எண்ணி வச்சு டாக்டர்கிட்டச் சொன்னீங்க. நல்லதுக்குத்தான், தெரியும். ஆனா இருபத்தஞ்சு வருஷம். எறங்கிட்டேன்னு சொன்னா திரும்ப ஆரம்பிச்சிருவீங்கன்னுதான் சொல்லல.”

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட இரவுகள் வெறும் தரையில், விழுந்தால் பிடிக்கலாம் என்று, ஒருக்களித்துக்கூடப் படுக்காமல் கிடந்ததைச் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்லாதது சரி, இத்தனை பேரிடம் எப்படிச் சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். அமலோற்பவம் கீழேயிருந்து, அண்ணே, ஒங்க மனசு ஒடைஞ்சிருமேன்னுதான் நாங்க யாரும் என்று ஆரம்பித்தாள். நான் அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சாமியார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“நாலாவது சொட்டு விழுந்துச்சா இல்லையா,” என்று மட்டும் கேட்டேன். “நீ கதவுகிட்டதான நின்ன. நீ பாத்திருப்ப.”

புஷ்பம் முடியிலிருந்த ஓட்டுத் தூசியைத் தட்டிவிட்டாள்.

“மூணுதாங்க விழுந்துச்சு,” என்றாள்.

பதினெட்டுக் கடைசிச் சனிக்கிழமைகள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல அவள் இறங்கி வரக்கூட வேண்டியதில்லை.

பிறகு அவள் இறங்கினாள். நான் அதைப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்குபவள் போல முதலில் வலது காலை நீட்டித் தரையைத் தேடி, பிறகு இடது காலை வைத்தாள். காலிக் கண்ணாடியை முக்காலிமேல் வைத்தாள். கூட்டம் வழிவிட்டது. கொடியிலிருந்து ஒரு மாற்றுச் சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் வழியாக வெளியே போனாள்.

கூரையிலிருந்து பார்த்தால் தெருவில் போகிறவர்களின் உச்சந்தலைதான் தெரியும். அவள் வகிடு அகன்றிருந்தது. அதன் இரண்டு பக்கமும் நன்றாக நரைத்திருந்தது. எனக்கு அது தெரியாது. அமலோற்பவத்தின் வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு, புழங்கித் தேய்ந்தது, அவள் கால் அளவில் கிடந்தது. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அண்ணாந்து பார்க்கவில்லை.

தெருவுக்கு வந்துவிட்ட பதினேழு பேரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். என் கூடத்தில் நின்று அவளைப் பார்த்த அதே முகம். பரிவான முகம்தான். ஞாயிறுதோறும் நான் அதற்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

“எறங்கி வாங்க மச்சான்,” என்றான் இன்னாசி. “சாப்புட்டுப் பேசிக்கலாம்.”

ஏணியைப் பிடித்துக்கொள்ள நான்கு பேர் ஓடிவந்தார்கள். பாவம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் குனிந்து அடுத்த ஓட்டைத் தூக்கினேன்.